படகு இன்ஜினின் பாரம்: புரொப்பெல்லர் எண்ணையும் மீட்டர் முள்ளையும் சேர்த்துப் படிப்பது எப்படி?

புரொப்பெல்லரின் நடுக்குடத்தில் ‘11 1/4 × 13’ என்பதுபோல இரண்டு எண்கள் பொறித்திருக்கும். பாசியும் மண்ணும் அப்பிக் கிடந்தால் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள், தெரியும். முதல் எண் விட்டம். இதழ்களின் நுனி சுழலும்போது போடும் வட்டத்தின் குறுக்களவு, அங்குலக் கணக்கில். இரண்டாவது பிட்ச். தண்ணீர் நழுவாமல் கெட்டியாகப் பிடிகொடுத்தால், ஒரு முழுச் சுற்றில் புரொப்பெல்லர் எத்தனை அங்குலம் முன்னேறுமோ அந்த அளவு. படகு வாங்க வருகிறவர்கள் எத்தனை ஹெச்.பி. என்று கேட்கிறார்கள், இந்த இரண்டு எண்களைக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் அந்த ஹெச்.பி. மேல் எவ்வளவு பாரம் ஏறுகிறது என்பதை முடிவு செய்வது இந்த எண்கள்தான். பாரம் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று ஓட்டுகிறவருக்குச் சொல்வது, இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். மீட்டர். அதனால்தான் புரொப்பெல்லரைத் தனியாகவும் மீட்டரைத் தனியாகவும் படித்தால் இரண்டுமே பாதிதான் புரியும்.

மதுரையைச் சுற்றி மோட்டார் படகு இறங்கும் தண்ணீர் ஒரே மாதிரியானது இல்லை. வைகை அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. ஆனால் அடியில் வண்டல் ஏறிக் கிடப்பதால் கோடையில் மட்டம் இறங்கும்போது நேற்று ஆழமாக இருந்த இடம் இன்று சேற்றுத்திட்டு. தேக்கடியில், 1895-இல் பெரியாறு அணை எழுந்தபோது மூழ்கிய காட்டின் பட்டுப்போன அடிமரங்கள் இன்னும் நீருக்குள் நிற்கின்றன. மழைக்காலத்தில் தீயணைப்பு மீட்புப் பணிகள் துறையின் ரப்பர் படகு இறங்குவதோ தெருத்தண்ணீரில். பிளாஸ்டிக் பை, நைலான் கயிறு, வேலிக்கம்பி எல்லாம் அதில் மிதக்கும். கண்மாய்க்குள் போனால் ஆகாயத்தாமரையும் சீமைக்கருவேலக் கட்டைகளும். கிழக்கே மண்டபம், பாம்பன் என்று போனால் உப்பு. இன்ஜினோடு வரும் கையேடு சொல்வது சரிதான். ஆனால் அது இந்தத் தண்ணீரை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல.

பிட்ச் எவ்வளவு வேண்டும்?

வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறும் பஸ்ஸை டாப் கியரிலேயே ஓட்டினால் என்ன ஆகும்? இன்ஜின் திணறும், தட்டும். பிட்ச் அதிகமான புரொப்பெல்லர் மாட்டிய படகும் அப்படித்தான். த்ராட்டில் (வண்டியின் ஆக்சிலரேட்டர் போன்றது) முழுக்கத் திறந்திருக்கும், ஆனால் ஆர்.பி.எம். ஏறாது. சிலிண்டருக்குள் கரி படியும், பிஸ்டனும் பேரிங்கும் அடிவாங்கும். சத்தம் குறைவாக இருப்பதால் இன்ஜின் அமைதியாக ஓடுகிறது என்று நினைப்பார்கள். உண்மையில் அது மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. பிட்ச் மிகவும் குறைவாக இருந்தால் எதிர்ப் பிரச்சினை. இன்ஜின் அனுமதித்த வேகத்தைத் தாண்டிச் சுற்றும், படகு மட்டும் அதற்கேற்ற வேகத்தில் போகாது.

சரியான பிட்ச்சைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு ஓட்டம் போதும். தினமும் ஏற்றும் அளவுக்கு ஆட்களையும் சாமானையும் ஏற்றுங்கள். டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருக்கட்டும். காற்று அடங்கிய நேரத்தில், ஆழம் தெரிந்த திறந்த தண்ணீரில், இன்ஜினைச் சூடாக்கிவிட்டு த்ராட்டிலை முழுதாகத் திறந்து நேராக ஓட்டுங்கள். வேகம் ஏறி நிலைத்த பிறகு ஆர்.பி.எம்.மைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி எதிர்த்திசையிலும் அப்படியே. இன்ஜின் கையேட்டில் முழு த்ராட்டிலுக்கான ஆர்.பி.எம். வரம்பு இருக்கும். 40 ஹெச்.பி. டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களில் 4,500 முதல் 5,500 என்பது சாதாரணமாகக் காணப்படும் வரம்பு, ஃபோர் ஸ்ட்ரோக் பலவற்றில் 5,000 முதல் 6,000. முள் அந்த வரம்பின் மேல்பாதியில் நிற்க வேண்டும்.

நிற்கவில்லையா? பிட்ச்சை ஓர் அங்குலம் குறைத்தால் ஏறத்தாழ 150 முதல் 200 ஆர்.பி.எம். கூடும், ஓர் அங்குலம் கூட்டினால் அதே அளவு குறையும். 4,500–5,500 வரம்புள்ள இன்ஜினில் 13 பிட்ச் புரொப்பெல்லரோடு, எட்டுப் பேர் ஏறிய படகு 4,400-இல் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 5,000-ஐத் தொட 600 கூட வேண்டும். 200-ஆல் வகுத்தால் மூன்று அங்குலம். ஆக 10 பிட்ச். இந்த 10 பிட்ச் புரொப்பெல்லரோடு இரண்டு பேர் மட்டும் ஏறி முழு த்ராட்டில் கொடுத்தால் முள் 5,500-ஐத் தாண்டப் பார்க்கும். அப்போது கையைக் குறைத்துக்கொள்ள வேண்டியது ஓட்டுகிறவர் பொறுப்பு. மீட்புப் படகுக்கும் சவாரிப் படகுக்கும் எங்கள் பரிந்துரை எப்போதும் பாரம் ஏற்றிய நிலைக்கான பிட்ச்தான். பாரத்தோடு இன்ஜின் திணறுவதைத் தவிர்க்க ஓட்டுகிறவரால் ஒன்றும் செய்ய முடியாது. வெறும் படகில் த்ராட்டிலைக் குறைக்க முடியும்.

உயரமும் கணக்கில் வரும். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும், காற்று மெலிவதால். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள தேக்கடியில் அது 9 சதவீதம் அளவுக்கு வரும். கொடைக்கானல் உயரம் என்றால் ஐந்தில் ஒரு பங்கே போய்விடும். மண்டபத்தில் சரியாக ஓடிய இன்ஜினை அதே புரொப்பெல்லரோடு மேலே கொண்டுபோய் ‘இன்ஜின் போய்விட்டது’ என்று பிரித்துப் போடுவதற்கு முன்னால் ஓரிரு அங்குலம் குறைந்த பிட்ச்சை மாட்டிப் பாருங்கள்.

ஆர்.பி.எம். மீட்டரே தவறாகக் காட்டினால்?

மேலே சொன்ன கணக்கெல்லாம் மீட்டர் உண்மை சொன்னால்தான். அவுட்போர்டு இன்ஜினில், அதாவது படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் இன்ஜினில், ஆர்.பி.எம். மீட்டர் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் மின்துடிப்பை எண்ணுகிறது. 12 போல் (காந்த முனை) ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு 6 துடிப்பு தரும், 8 போல் என்றால் 4. மீட்டரின் முதுகில் சின்னத் திருகு சுவிட்ச் ஒன்று இருக்கும். அதை இன்ஜினுக்கு ஏற்ற எண்ணில் வைக்க வேண்டும். இன்ஜின் 6 துடிப்பு அனுப்ப, மீட்டர் 4-இல் இருந்தால் உண்மையான 4,000 என்பது 6,000 என்று தெரியும். அதை நம்பிப் பிட்ச்சைக் கூட்டியவர் இன்ஜினைக் கொல்கிறார். பழைய மீட்டரை வேறு இன்ஜினுக்கு மாற்றும்போது முதலில் சாவியை அணைத்துவிட்டு அந்தத் திருகைப் பாருங்கள்.

கைப்பிடியால் திருப்பும் சிறிய இன்ஜின்களில் மீட்டரே இருக்காது. ஸ்பார்க் பிளக் ஒயரில் மெல்லிய கம்பியைச் சில சுற்றுச் சுற்றினால் காட்டும் டிஜிட்டல் ஆர்.பி.எம். மீட்டர் கடையில் கிடைக்கிறது. ஒரு சுற்றுக்கு எத்தனை பொறி என்று அதில் அமைக்க வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் சுற்றுக்கு ஒன்று.

நழுவல், காற்றிழுப்பு, குழிவிழுதல்

தண்ணீர் கெட்டியில்லை, எனவே புரொப்பெல்லர் கணக்குப்படி முன்னேறாது. இன்ஜின் 5,000 ஆர்.பி.எம்., கியர் விகிதம் 2:1, பிட்ச் 12 என்றால், புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2,500 சுற்று. 2,500-ஐ 12-ஆல் பெருக்கினால் 30,000 அங்குலம், அதாவது 762 மீட்டர். மணிக்கு 45.7 கிலோமீட்டர். கைபேசியின் ஜி.பி.எஸ். 36 என்று காட்டினால் நழுவல் 21 சதவீதம். இது நோய் இல்லை. நழுவலே இல்லாவிட்டால் உந்துவிசையும் இல்லை. இலகுவான வேகப்படகில் 10 முதல் 20 சதவீதமும், பாரப்படகில் அதற்கு மேலும் இருப்பது இயல்பு. ஒரே படகில் சென்ற மாதம் 20 ஆக இருந்தது இந்த மாதம் 35 ஆனால்தான் தேட வேண்டும்: இதழ் வளைந்திருக்கும், இல்லாவிட்டால் படகின் அடியில் பாசி படர்ந்திருக்கும்.

வளைவில் திரும்பும்போது இன்ஜின் திடீரென்று அலறி, படகு தளர்ந்தால் அது காற்றிழுப்பு. மேற்பரப்பின் காற்றோ, புகைப்போக்கியின் வாயுவோ இதழ்களுக்குள் புகுந்து பிடியைக் கெடுக்கிறது. இன்ஜின் உயரம் முதல் சந்தேகம். புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டையான தகடு படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலத்துக்குள் ஏறியிறங்கியோ இருக்க வேண்டும். 15 அங்குலப் பின்பலகைக்கான குட்டைக் கால் இன்ஜினை 20 அங்குலப் பின்பலகையில் மாட்டினால் தினமும் இந்தத் தொல்லைதான்.

குழிவிழுதல் வேறு. இதழின் ஒரு பக்கத்தில் அழுத்தம் அவ்வளவு தாழ்ந்துபோகும், அங்கே தண்ணீர் சூடாகாமலே கொதித்துக் குமிழியாகும். அந்தக் குமிழிகள் அடுத்த கணம் உடையும்போது உலோகத்தைக் கொத்தும். இதழில் ஊசியால் குத்தியதுபோல் புள்ளிகள் கூட்டமாகத் தெரிந்தால், அந்த இடத்துக்குச் சற்று முன்னால் விளிம்பில் நெளிவோ பிசிரோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

கட்டையில் இடித்தால்

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புரொப்பெல்லர் மெல்லியது, விறைப்பானது, வேகமும் கொஞ்சம் கூடும். ஆனால் அடிமரமும் கருவேலக் கட்டையும் உள்ள தண்ணீரில் அலுமினியம்தான் சரி. இடித்தால் இதழ் வளையும் அல்லது உடையும், அதோடு அடியின் பெரும்பகுதி முடிந்துவிடும். ஸ்டீல் வளையாது, அடியை ஷாஃப்ட்டுக்கும் கியருக்கும் அனுப்பும். மூன்று இதழா நான்கா என்றால், பாரம் ஏற்றி மெதுவாக ஓட்டுகிறவர்களுக்கு நான்கு நல்ல பிடி கொடுக்கும், அதிர்வும் குறைவு. மாற்றும்போது பிட்ச்சில் ஓர் அங்குலம் குறைக்க வேண்டிவரும்.

நடுக்குடத்துக்குள் ஒரு ரப்பர் புஷ் இருக்கிறது. இடி விழும்போது அது வழுக்கிக் கியரைக் காப்பாற்றும். பழசானால் இடியே இல்லாமலும் வழுக்கும். மெதுவாகப் போனால் சரியாக இருக்கும், த்ராட்டிலைக் கூட்டினால் ஆர்.பி.எம். மட்டும் ஏறும், படகு ஏறாது. காற்றிழுப்பா புஷ்ஷா என்ற சந்தேகத்தைத் தீர்க்க ஒரு சொட்டு பெயின்ட் போதும். புரொப்பெல்லரைக் கழற்றி, உள்ளே இருக்கும் பல் வெட்டிய உலோகக் குழாயிலிருந்து ரப்பரைத் தாண்டி வெளிக்குடம் வரை நேர்கோடு ஒன்று வரையுங்கள். காய்ந்ததும் மாட்டி ஓட்டிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் நின்றால் புஷ் போய்விட்டது.

சிறிய இன்ஜின்களில் புஷ்ஷுக்குப் பதில் ஷியர் பின் இருக்கும். இடித்தால் பின் முறியும், அதுதான் அதன் வேலை. முறிந்த பின்னுக்குப் பதில் கைக்குக் கிடைத்த ஆணியையோ ஸ்டீல் கம்பியையோ மாட்டுவது வேண்டாம். அடுத்த இடியில் முறிவது கியராக இருக்கும்.

கழற்றும் முறை: சாவியை எடுங்கள், அவசர நிறுத்தக் கயிற்றையும் உருவுங்கள். கியரை நியூட்ரலில் வையுங்கள், ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றுங்கள். இதழுக்கும் மேல்தகட்டுக்கும் நடுவே மரக்கட்டை ஒன்றைச் சொருகி, நட்டு கழலாமல் காக்கும் ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி இழுத்துவிட்டு நட்டைத் திருகுங்கள். வாஷர்கள் வந்த வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்குங்கள். புரொப்பெல்லருக்கு முன்னால் இருக்கும் சரிவுள்ள வாஷர் மாறினால் நடுக்குடம் கியர் உறையில் உரசும். இப்போது ஷாஃப்ட்டின் அடிப்பக்கத்தைக் கவனமாகப் பாருங்கள். மீன்வலையின் நைலான் இழை சுற்றிக்கொண்டு, சூட்டில் உருகி, வளையம்போல இறுகிக் கிடக்கும். அது ஷாஃப்ட்டைச் சுற்றியுள்ள ‘சீல்’ வளையத்தை அறுத்துக் கியர் பெட்டிக்குள் தண்ணீரை விடும். கியர் ஆயில் பால் நிறத்தில் வந்தால் இதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். திரும்ப மாட்டும்போது ஷாஃப்ட்டின் பற்களில் தண்ணீருக்குக் கரையாத கிரீஸ் தடவுங்கள். ஸ்பிளிட் பின் துளை நேர்படவில்லை என்றால் நட்டைத் தளர்த்தாமல் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேர்ப்படுத்துங்கள். பின் புதிதாக இருக்கட்டும்.

மற்ற மீட்டர்கள்

வண்டல் தண்ணீரில் மிக முக்கியமானவை தண்ணீர் அழுத்த மீட்டரும் வெப்ப மீட்டரும். அவுட்போர்டு இன்ஜின் குளிர்வது வெளியிலிருந்து இழுக்கும் தண்ணீரால். இழுப்பது, தண்ணீருக்குள் இறங்கும் கியர் காலுக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லர். மணலும் வண்டலும் அதன் இறக்கைகளைத் தேய்க்கும். தெளிந்த நீரில் இரண்டு வருடம் தாங்கும் இம்பெல்லரை இங்கே வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். தண்ணீர் இல்லாமல் கரையில் இன்ஜினைச் சில நொடி ஓட்டிப் பார்க்கும் பழக்கம் அதைக் கருக்கிவிடும்.

பிளாஸ்டிக் பை ஒன்று தண்ணீர் இழுக்கும் துளையை மூடினால் அழுத்த முள் உடனே விழும், வெப்ப முள் ஏற நேரம் பிடிக்கும். எனவே அழுத்தத்தைப் பார்க்கிறவர் முன்கூட்டியே தப்பிக்கிறார். அந்த மீட்டர் இல்லாத இன்ஜினில் பக்கவாட்டுத் துளையிலிருந்து பீய்ச்சும் தண்ணீரைக் கவனியுங்கள். தாரை மெலிந்தால் த்ராட்டிலை இறக்கி, நியூட்ரலுக்கு வந்து, இன்ஜினை நிறுத்தித் தூக்கிப் பாருங்கள். இழுதுளை சுத்தமாக இருந்தால் தாரை வரும் துளையில் மெல்லிய நைலான் இழையை விட்டுக் குத்துங்கள், மண் அடைத்திருக்கலாம்.

எப்போது சூடாகிறது என்பதும் பேசும். மெதுவாக ஓடும்போது சூடேறி, வேகமெடுத்தால் சரியாகிறது என்றால் இம்பெல்லர் தேய்ந்திருக்கிறது. மெதுவில் சரியாக இருந்து வேகத்தில் சூடேறினால் வழியில் எங்கோ அடைப்பு, அல்லது சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கவில்லை. முள் ஏறவே ஏறாமல் குளிரிலேயே கிடந்தால் சந்தோஷப்பட வேண்டாம். மணல்துகள் சிக்கித் தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றிருக்கும். எரியாத பெட்ரோல் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். கூலன்ட் உள்ள உள்பொருத்து டீசல் இன்ஜினில் ஓர் ஆபத்து உண்டு. ஏறிக்கொண்டே வந்த முள் திடீரென்று விழுந்தால் சூடு தணிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சென்சாரைச் சுற்றிக் கூலன்ட்டே இல்லாமல் போயிருக்கலாம். உடனே நிறுத்துங்கள்.

ஆயில் அழுத்தத்துக்குப் பொதுவான கணக்கு, ஆயிரம் ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ. குளிர்ந்த ஆயிலில் கூடக் காட்டும், சூடானால் இறங்கும். முள் பூச்சியத்துக்கு விழுந்தால் மீட்டர் பழுதா என்று யோசிப்பதை இன்ஜினை நிறுத்திய பிறகு வைத்துக்கொள்ளலாம். டூ ஸ்ட்ரோக்கில் இந்த மீட்டர் கிடையாது. அங்கே ஆயில் கலவைதான் பாதுகாப்பு: 50:1 என்று சொன்ன இன்ஜினுக்கு லிட்டருக்கு 20 மில்லி.

வோல்ட் மீட்டர், இன்ஜின் நின்றிருக்கும்போது 12.6-க்கு அருகில் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். 13-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏறவில்லை, 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது.

பெட்ரோல் மீட்டரை ஓடும்போது நம்ப வேண்டாம். படகின் மூக்கு தூக்கினால் டேங்குக்குள் மிதவையும் இடம் மாறும். நிறுத்தி, படகு மட்டமான பிறகு பாருங்கள். போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். புது மீட்டர் மாட்டியதும் நிறைந்த டேங்கைக் காலி என்று காட்டினால், மீட்டரும் மிதவையும் வெவ்வேறு வகை. அமெரிக்க வகை காலியில் 240 ஓம், நிறைவில் 33 ஓம். ஐரோப்பிய வகை காலியில் 10, நிறைவில் 180. இரண்டையும் கலந்தால் தலைகீழாகத்தான் காட்டும்.

அமெரிக்க வகைப் பெட்ரோல் மீட்டரைச் சோதிக்க, சாவியை மட்டும் போட்டு, மீட்டர் முதுகில் ‘எஸ்’ என்ற முனையின் (மிதவையிலிருந்து வருவது) ஒயரைக் கழற்றுங்கள், முள் காலிக்குப் போக வேண்டும். ‘எஸ்’ஸையும் ‘ஜி’ என்ற எர்த் முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தால் நிறைவுக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டர் நன்றாக இருக்கிறது, குறை ஒயரிலோ மிதவையிலோ. இந்தச் சோதனையை டேங்க் பக்கம் செய்யாதீர்கள், பொறி பறக்கும். எல்லா முள்ளும் ஒரே நேரத்தில் துள்ளினாலோ விழுந்தாலோ இன்ஜினைப் பிரிக்க வேண்டாம். எல்லா மீட்டருக்கும் பொதுவான கறுப்பு எர்த் ஒயரின் திருகைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள்.

எந்த மீட்டரும் இன்னோர் எண்ணோடு ஒப்பிட்டால்தான் பயன்படும். படகின் அடி சுத்தமாகவும் புரொப்பெல்லர் பழுதில்லாமலும் இருக்கும் ஒரு நாளில், 2,000, 3,000, 4,000, முழு த்ராட்டில் என நான்கு நிலையிலும் வேகம், வெப்பம், தண்ணீர் அழுத்தம், வோல்ட் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிப் படகிலேயே வையுங்கள். கூடவே ஒரு மாற்று புரொப்பெல்லர், நட்டு, வாஷர், இரண்டு ஸ்பிளிட் பின், ஷியர் பின், அளவான ஸ்பானர், குறடு, வலை இழையை அறுக்க வளைந்த கத்தி, இதழின் பிசிரை மட்டமாக்க ஓர் அரம், மரக்கட்டை. தேக்கடி அடிமரத்திலோ கண்மாய்க் கட்டையிலோ இடித்தபின் இவை கரையில் இருந்து பயனில்லை. துடுப்பும் படகில்தான் இருக்க வேண்டும்.